அம்பத்தூர் ஓ.டி.யும் அம்மாவின் ஓ.டி.யும்

அம்பத்தூர் ஓ.டி. என்றதும் வெளியூர்க்காரர்கள் 'ஓவர்டைம்' என்று நினைத்துக்கொள்வதுண்டு. கூப்பிடு தூரத்தில் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டை வைத்துக்கொண்டு அப்படி நினைப்பவர்களைக் குறை சொல்லவும் முடியாது. ஆனால் அது ஓல்டு டவுன். பழைய ஊர். அவ்வளவுதான் விஷயம்.

மே மாசத்து ஞாயிற்றுக்கிழமை, விடிகாலை ஐந்தரை மணிக்கு அந்த ஓ.டி. பக்கமோ, ஆவடி செக்போஸ்ட் பக்கமோ, பூந்தமல்லி குமணன்சாவடி பக்கமோ ஒரு நடை போய்ப் பாருங்கள். தெருவுக்கு ஒரு வேன் நிற்கும். 'எங்கே, மகாபலிபுரமா?' என்று பக்கத்து வீட்டுக்காரர் பல் தேய்த்துக்கொண்டே கேட்பார். தாத்தாவுக்கு ஜன்னல் சீட். பசங்க கண்ணில் விடிவதற்கு முன்பே கூலிங் கிளாஸ். சித்தப்பா கையில் பென் டிரைவ். எல்லோர் முகத்திலும் காலை. ஒரே ஒருத்தர் முகத்தில் மட்டும் அதற்குள் சாயங்காலம் ஆகிவிட்டிருக்கும். அது அம்மா. மூன்று மணிக்கு எழுந்தவர்.

இந்தப் பதிவு அந்த மூன்று மணியைப் பற்றியது.

எதற்கு மூன்று மணி? புளியோதரை, தயிர் சாதம், உருளைக்கிழங்கு வறுவல், காலை டிபனுக்கு மிளகாய்ப்பொடி தடவிய இட்லி, பாட்டிக்குத் தனியாக உப்பு குறைத்து ஒரு டப்பா. எட்டுப் பேருக்கு. முந்தின நாள் ராத்திரி நடந்த பேச்சு அநேகமாக எல்லா வீட்டிலும் ஒன்றுதான்.

"என்னங்க, மதியம் அங்கேயே எங்கயாவது சாப்பிட்டுக்கலாமே?"

"அங்க எல்லாம் கொள்ளை விலை. என்ன எண்ணெய் ஊத்துறானோ என்னமோ. நீயே ரெண்டு சாதம் கட்டிடேன், பெரிய வேலையா?"

சித்தப்பா சும்மா இருப்பாரா? "அண்ணி, உங்க புளியோதரை இல்லாம ஒரு டூரா?"

முடிந்தது. பாராட்டு மாதிரிதான் இருக்கும். ஆனால் அது வேலை உத்தரவு. தேதி, நேரம், அளவு எல்லாம் போட்ட ஆர்டர்.

சரி, கணக்குக்கு வருவோம். பி.காம். படிக்கிற யாரையும் எழுப்பிக் கேளுங்கள், செலவு இரண்டு வகை என்பார்கள். கையை விட்டுப் பணம் போகிற செலவு ஒன்று. பணம் போகாது, ஆனால் ஏதோ ஒன்று போய்விடும், அது இன்னொன்று. இரண்டாவதை மறைமுகச் செலவு என்று முதல் வருஷத்திலேயே நடத்திவிடுகிறார்கள். பரீட்சையில் ஐந்து மார்க்குக்கு எழுதியும் விடுகிறோம். வீட்டுக்கு வந்ததும் மறந்துவிடுகிறோம்!

ஆவடியிலிருந்து கிளம்புகிற ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தாத்தா, பாட்டி, அப்பா, அம்மா, சித்தப்பா, சித்தி, பதினைந்து வயசுக்குக் கீழே இரண்டு பசங்க. எல்லாம் ஒரு உதாரணத்துக்குத்தான். உங்கள் வீட்டு எண்களைப் போட்டும் பாருங்கள். வேன் வாடகை 8,000 ரூபாய். டோல், பார்க்கிங், டிரைவர் பேட்டா 1,000. கடற்கரைக் கோயில், ஐந்து ரதம் பார்க்கத் தொல்லியல் துறை டிக்கெட் ஆளுக்கு 40 வீதம் ஆறு பேருக்கு 240 (பசங்களுக்கு இலவசம்). குதிரை சவாரி, பலூன் சுடுவது, ஐஸ்கிரீம், சங்கு, பாசிமணி இதெல்லாம் 1,500. ஆக மொத்தம் 10,740.

இப்போது சாப்பாடு. வெளியே சாப்பிட்டால் காலை டிபன் ஆளுக்கு 80, மதியம் சாப்பாடு ஆளுக்கு 150 என்று வைத்தால் எட்டுப் பேருக்கு 1,840. வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு போனால் அரிசி, நல்லெண்ணெய், தயிர், முந்திரி, கேஸ் எல்லாம் சேர்த்து 700. மிச்சம் 1,140 ரூபாய். மொத்த டூர் செலவில் பத்தில் ஒரு பங்கு கூட இல்லை.

அந்த 1,140-ஐ மிச்சம் பிடித்தது யார்? அம்மா முந்தின நாள் சாயங்காலம் இரண்டு மணி நேரம், விடிகாலை இரண்டரை மணி நேரம், போன இடத்தில் பரிமாற ஒரு மணி நேரம், திரும்பி வந்து எண்ணெய் பிசுக்கு ஏறிய டப்பாக்களைக் கழுவ ஒன்றரை மணி நேரம். ஏழு. சித்தியின் உதவி மூன்று மணி நேரம். ஆகப் பத்து மணி நேர வேலை. மணிக்கு 114 ரூபாய் சம்பாதித்துக் கொடுத்திருக்கிறார்கள். யாருக்கு? அது குதிரை சவாரிக்கும் பலூனுக்கும் போய்விட்டது. சம்பாதித்தவர்கள் கைக்கு ஒரு ரூபாய் வரவில்லை. அது கூடப் பரவாயில்லை, 'இன்னைக்கு மிச்சம் பிடிச்சது அவங்க' என்று ஒரு வார்த்தை கூட வரவில்லை. 'சாப்பாட்டுச் செலவே இல்லை' என்றுதான் அப்பா அடுத்த நாள் ஆபீசில் சொல்வார். செலவே இல்லையாம்!

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று இருக்கிறது. அந்தப் பட்டியலில் ஏழெட்டு வரிகள் இருந்தும் சிக்கனம் என்ற கத்தி எந்த வரியில் விழுந்தது? டீசலை வீட்டில் காய்ச்ச முடியாது. டிக்கெட்டை வீட்டில் அச்சடிக்க முடியாது. டோல்கேட்டில் 'நாங்களே போட்டுக்கறோம்' என்று சொல்ல முடியாது. புளிக்காய்ச்சலை மட்டும் வீட்டில் காய்ச்சலாம். அதாவது, ஒரு பெண்ணின் கூலியில்லாத வேலையைப் போட்டு அடைக்க முடிகிற வரி எதுவோ, அதில் மட்டும்தான் குடும்பத்துக்குச் சிக்கன ஞாபகம் வருகிறது. சிக்கனம் நல்லதுதான். ஆனால் அது எப்போதும் ஒரே ஆளின் தூக்கத்தில் வெட்டப்பட்டால் அதற்குப் பெயர் சிக்கனம் இல்லை.

எஸ்டேட்டில் வேலை பார்க்கிற அப்பாவுக்கு இதைப் புரியவைப்பது ரொம்ப சுலபமாக இருந்திருக்க வேண்டும். வேலை நேரத்துக்கு மேல் ஒரு மணி நேரம் நிறுத்தினால் இரட்டைச் சம்பளம் என்று 1948-ஆம் வருஷத் தொழிற்சாலைச் சட்டத்திலேயே எழுதிவிட்டார்கள். 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பிலும் அந்த இரட்டிப்பு அப்படியே இருக்கிறது. அரை மணி நேர ஓ.டி.யைச் சூபர்வைசர் விட்டுவிட்டால் மூன்று நாள் புலம்புகிற மனிதர், தன் வீட்டு அடுப்படியில் ஞாயிற்றுக்கிழமை விடிகாலை ஓடுகிற ஷிப்டைப் பார்ப்பதே இல்லை. வாரத்தில் ஆறு நாள் வேலை, ஏழாவது நாள் லீவு என்பது தொழிற்சாலைக்கு. அம்மாவுக்கு ஏழாவது நாள், அதுவும் டூர் போகிற ஏழாவது நாள், மற்ற ஆறை விடப் பெரிய ஷிப்ட்.

இது ஆவடி வீட்டுக் கதை மட்டும் இல்லை. மத்திய அரசின் புள்ளியியல் துறை 2019-இல் நேரப் பயன்பாட்டு ஆய்வு ஒன்று நடத்தியது. ஆறு வயசுக்கு மேற்பட்டவர்களில், கூலியில்லாத வீட்டு வேலை செய்கிற பெண்கள் ஒரு நாளைக்குச் சராசரியாக 299 நிமிடம் அதற்குச் செலவிடுகிறார்கள். அதே வேலையில் இறங்குகிற ஆண்கள் 97 நிமிடம். ஐந்து வருஷம் கழித்து 2024-இல் மறுபடி எடுத்தார்கள். பெண்கள் 289, ஆண்கள் 88. பெண்களுக்குப் பத்து நிமிடம் குறைந்தது என்று சந்தோஷப்படுவதற்குள் ஆண்கள் ஒன்பது நிமிடம் குறைத்துக்கொண்டுவிட்டார்கள் பாருங்கள்!

பொருளாதாரப் பாடத்தில் வருகிற பிகூ 1920-இலேயே இந்த வேடிக்கையைச் சுட்டிக் காட்டியிருக்கிறார். சம்பளத்துக்கு வீட்டு வேலை செய்கிற பெண்ணை முதலாளி கல்யாணம் செய்துகொண்டால் தேசிய வருமானம் குறைந்துவிடும். வேலை அதேதான். சம்பளம் நின்றுபோனதால் கணக்கிலிருந்து காணாமல் போய்விடுகிறது. ரொம்ப காலம் கழித்துத்தான் கோர்ட்டுகள் இதைப் பிடித்துக்கொண்டன. விபத்தில் இறந்துபோன இல்லத்தரசிக்கும் வருமானம் இருந்ததாகவே மதிப்புப் போட வேண்டும் என்று 2021 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட் அழுத்தமாகச் சொன்னது. வீட்டைத் தாங்கிய மனைவியின் உழைப்பும் சொத்து சேர்த்ததில் பங்களிப்புதான், அதில் அவருக்குச் சரிபாதி உண்டு என்று 2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கணவர் வெளிநாட்டில் சம்பாதித்து அனுப்பிய குடும்பத்தின் வழக்கு அது. ஆக, கோர்ட்டுக்குப் போனால் அம்மாவின் உழைப்புக்கு விலை உண்டு. மகாபலிபுரம் போனால் இல்லை.

இனி அந்த ஊருக்குள் வாருங்கள். வெளிவட்டச் சாலையில் ஏறி, வண்டலூரில் இறங்கி, கேளம்பாக்கம், திருப்போரூர் வழியாக வேன் வந்து சேர்ந்துவிட்டது. மாமல்லபுரம் நடந்து பார்க்க வேண்டிய ஊர். பஸ் ஸ்டாண்டிலிருந்து அர்ஜுனன் தபசு சில நிமிட நடை. கடற்கரைக் கோயில் ஒரு பக்கம், ஐந்து ரதம் தெற்கே ஒன்றரைக் கிலோமீட்டர் வாக்கில். 1984-இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறிய ஊர் மொத்தமும் ஒரு ஆள் நிதானமாக நடந்தே முடித்துவிடலாம். கையில் ஹாட்பேக்கும் தூக்கும் தண்ணீர் கேனும் இல்லாவிட்டால்.

பார்க்கிங்கில் வேன் வெயிலில் நிற்கும். உள்ளேயே சாப்பாட்டை விட்டால் புழுங்கிப் போகும். கையில் எடுத்துக்கொண்டு குன்றுப் பக்கம் போனால் குரங்கு பையை விடாது. அப்புறம் என்ன, 'நீங்க போய்ப் பாத்துட்டு வாங்க, நான் இங்கயே நிழல்ல இருக்கேன்' என்று அம்மாவே சொல்லிவிடுவார். மகிஷாசுரமர்த்தினி குகையில் சிங்கத்தின் மேல் ஏறி எருமைத்தலை அசுரனை விரட்டுகிற துர்க்கை முன்னால் குடும்பமே நின்று போட்டோ எடுத்துக்கொள்ளும். அம்மா வெளியே புளியோதரைக்குக் காவல். கிருஷ்ண மண்டபத்தில் ஆயர்பாடியைச் செதுக்கி வைத்திருக்கிறார்கள். கண்ணன் மலையைத் தாங்குகிறான், ஒருவர் பால் கறக்கிறார், தலையில் சுமையோடு ஒரு பெண் நிற்கிறாள். ஆயிரத்து முந்நூறு வருஷமாக அவள் சுமையை இறக்கவில்லை. கல்லில் செதுக்கியவளால் இறக்க முடியாது, சரி. வேனில் வந்தவளால் ஏன் முடியவில்லை?

ஆட்டோ விஷயமும் இதோடு சேர்ந்ததுதான். மூட்டை இல்லாத குடும்பம் நடந்து போகும். மூட்டை உள்ள குடும்பம் அரைக் கிலோமீட்டருக்கும் ஆட்டோ தேடும், பேரம் பேசும், சண்டை போடும், வீட்டுக்கு வந்து ஆட்டோக்காரரைத் திட்டும். ஹோட்டலில் மிச்சம் பிடித்ததில் ஒரு பகுதி இப்படி ஆட்டோவில் போவதை யாரும் கூட்டிக் கழித்துப் பார்ப்பதில்லை.

சரி, எதிர்த் தரப்பு வாதங்களையும் பார்த்துவிடலாம். நாலு வாதம் எப்போதும் வரும்.

முதல் வாதம்: வெளிச் சாப்பாடு உடம்புக்கு ஆகாது. இதைச் சொல்கிறவர் அன்றைக்குச் சாயங்காலமே கடற்கரையில் நின்றுகொண்டு மிளகாய் பஜ்ஜியும் மீன் வறுவலும் சாப்பிடுகிற காட்சியை எல்லாக் குடும்பமும் பார்த்திருக்கும். அப்போது எண்ணெய் ஞாபகம் வராது :-) உடம்பு பற்றி உண்மையாகவே கவலை என்றால் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். புளியோதரை கெடாமல் நிற்பது புளியின் புளிப்பாலும் நல்லெண்ணெயாலும். அந்தப் பாதுகாப்பு தேங்காய்ச் சட்னிக்கும் சாம்பார் சாதத்துக்கும் அவித்த முட்டைக்கும் கிடையாது. விடிகாலை நாலு மணிக்குச் சூடாக மூடிக் கட்டி, மே மாச வெயிலில் வேனுக்குள் ஒன்பது மணி நேரம் கிடந்து மதியம் ஒரு மணிக்குத் திறக்கிற சோறு, கண் முன்னால் ஆவி பறக்க இறக்குகிற இட்லியை விட எந்த விதத்தில் பத்திரம்? ஹோட்டல் மேல் சந்தேகம் என்றால் பில்லைப் பாருங்கள். 2022 ஜனவரி 1 முதல் உணவுப் பாதுகாப்புத் துறையின் 14 இலக்க எண்ணைப் பில்லில் போட்டாக வேண்டும் என்பது விதி. எண் இல்லாத கடையில் சாப்பிடாதீர்கள். அதற்காக வீட்டில் ஒருத்தரைத் தூங்கவிடாமல் செய்யாதீர்கள்.

இரண்டாவது வாதம்: பீச் ஊரில் கொள்ளை அடிப்பார்கள். அடிக்கிற இடங்கள் உண்டு, இல்லை என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் கொள்ளைக்குப் பயந்து அடுப்படிக்குள் ஒளிந்துகொள்வது வழி இல்லை. சட்டம் தெரிந்துகொண்டு உட்காருவதுதான் வழி. சாதாரண ரெஸ்டாரண்டுக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம், 2017 நவம்பர் 15 முதல் ஏ.சி.யானாலும் சரி, ஏ.சி. இல்லாவிட்டாலும் சரி. காம்போசிஷன் திட்டத்தில் இருக்கிற சின்ன ஹோட்டல் வாடிக்கையாளரிடம் வரியே வாங்கக் கூடாது, அதைப் பில்லிலேயே எழுதியிருக்க வேண்டும். சர்வீஸ் சார்ஜ் என்று தானாகப் பில்லில் சேர்க்கக் கூடாது என்று நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் சொன்னது. ஹோட்டல் சங்கங்கள் கோர்ட்டுக்குப் போயின. 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றம் ஆணையத்தின் பக்கம் தீர்ப்பளித்தது. தண்ணீர் பாட்டிலைப் பெட்டிக்கடையில் எம்.ஆர்.பி.க்கு மேல் விற்கக் கூடாது. உட்கார வைத்துப் பரிமாறுகிற ஹோட்டலுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை என்று 2017 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது. ஆகவே தண்ணீரைக் கடையில் வாங்குங்கள், சோற்றை ஹோட்டலில் சாப்பிடுங்கள். சாப்பிட உட்காருவதற்கு முன் விலைப் பட்டியலைக் கேளுங்கள். கேட்டால் கௌரவம் போய்விடாது.

மீனுக்கும் ஒரு வார்த்தை. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை (2016 வரை 45 நாளாக இருந்தது). பள்ளிக்கூட லீவும் சரியாக அதே சமயம்தான். நாட்டுப் படகுகள் மட்டும் போய்வரும். வரத்து குறைந்தால் விலை ஏறும், இது முதல் வருஷப் பாடம். அப்போது வஞ்சிரம் வேண்டும் என்று அடம்பிடித்துவிட்டு, மீன் வறுத்துக் கொடுக்கிற அம்மாவிடம் 'கொள்ளை' என்று கத்துவது அழகில்லை. மே மாசம் போனால் சைவச் சாப்பாடோ சாம்பார் இட்லியோ போதும். மீன் ஆசைக்கு ஜூலையில் போங்கள்.

மூன்றாவது வாதம் கொஞ்சம் நுணுக்கமானது: அம்மாவுக்கே அதுதான் சந்தோஷம். கேட்டுப் பார்த்தீர்களா? கேட்டால் 'ஆமாம்' என்றுதான் சொல்வார். முப்பது வருஷமாக அந்தக் கேள்விக்கு அந்த வீட்டில் வேறு பதில் செல்லாது என்று தெரிந்தவர் வேறென்ன சொல்வார்? கேட்கிற விதத்தை மாற்றிப் பாருங்கள். 'ஏதாவது கட்டிட்டுப் போலாமா?' என்று கேட்காமல், 'காலைல டிபன் கேளம்பாக்கத்துல, மத்தியானம் மகாபலிபுரத்துல. உனக்கு என்ன சாப்பிடணும் போல இருக்கு?' என்று கேளுங்கள். முதலில் நம்ப மாட்டார். 'வேணாம், எதுக்கு வீண் செலவு' என்பார். இரண்டாம் தடவை கேட்டால் 'நெய் ரோஸ்ட்' என்று மெதுவாக வரும். அந்த மெதுவான குரலை எத்தனை வீட்டில் கேட்டிருக்கிறார்கள்? உண்மையிலேயே சமைக்கப் பிடிக்கும் என்கிற அம்மாக்களும் இருக்கிறார்கள். அவர்கள் சமைக்கட்டும். வேறு வழி இருந்தும் அதைத் தேர்ந்தெடுத்தால்தான் அது பிரியம். வழியே இல்லாதபோது அது டியூட்டி.

நாலாவது வாதம்: கட்டுச்சோறு நம்ம பண்பாடு. பண்பாடுதான். ஹோட்டல் இல்லாத காலத்தில், மாட்டு வண்டியில் இரண்டு நாள் போகிற பயணத்துக்கு வேறு வழி இல்லாததால் வந்த பண்பாடு. மாட்டு வண்டியை விட்டு ஏ.சி. வேனுக்கு மாறும்போது பண்பாடு எங்கே போயிருந்தது? தாத்தாவின் பயணத்தில் வண்டி மாறிவிட்டது, ரோடு மாறிவிட்டது, போட்டோ செல்போனுக்குள் போய்விட்டது. பாட்டியின் அடுப்பு மட்டும் மாறக் கூடாதாம்.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். காணும் பொங்கல் அன்றைக்குக் கைக்குழந்தையோடு பூந்தமல்லியிலிருந்து 66 பிடித்துத் தாம்பரம் போய், அங்கிருந்து 515-இல் நசுங்கிக்கொண்டு மாமல்லபுரம் வருகிற குடும்பங்கள் இருக்கின்றன. 2021 மே மாசம் விடியல் பயணம் வந்த பிறகு, சாதாரணக் கட்டண மாநகரப் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்பதால் முதல் தடவையாகக் கடல் பார்க்க வந்த பெண்கள் இருப்பார்கள். அவர்கள் தூக்கில் கொண்டுவருகிற சோற்றைப் பற்றி இந்தப் பதிவுக்கு ஒரு புகாரும் இல்லை. அது கட்டாயம். அந்தச் சோறு இல்லாவிட்டால் அந்த டூரே இல்லை. அதையும் ஆணும் பெண்ணுமாகக் கட்டினால் நல்லது, அவ்வளவுதான். இங்கே சண்டை எட்டாயிரம் ரூபாய் வேனில் ஏறிக்கொண்டு ஆயிரத்துச் சொச்சத்துக்கு அம்மாவை எழுப்புகிறவர்களோடு.

'உட்கார்ந்து சாப்பிடுவதில் என்ன இருக்கு, எங்கே சாப்பிட்டால் என்ன' என்று கேட்பவர்களுக்கு அதே ஊரிலிருந்து ஒரு சம்பவம். மாமல்லபுரம் தலசயனப் பெருமாள் கோயில் அன்னதானப் பந்தியில் தன்னை உட்காரவிடாமல் துரத்தினார்கள் என்று ஒரு நரிக்குறவப் பெண் பேசிய வீடியோ 2021 அக்டோபரில் தமிழ்நாடு முழுக்கப் பரவியது. அறநிலையத் துறை அமைச்சரே வந்து, அதே கோயிலில் அந்தப் பெண்ணோடு பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டார். சோறு கிடைப்பது மட்டும் விஷயமாக இருந்தால் ஒரு பொட்டலத்தைக் கையில் கொடுத்திருக்கலாமே? மற்றவர்களோடு வரிசையாக உட்கார்ந்து, ஒருவர் பரிமாறச் சாப்பிடுவது மரியாதை. அந்தப் பெண்ணுக்கு நடந்தது சாதி செய்த அநியாயம். அதையும் இதையும் ஒன்றாக்க முடியாது. ஆனால் பந்தியின் மரியாதையை ஊருக்கே புரியவைத்தது அந்தச் சம்பவம். வீட்டிலும் சரி, வேப்பமர நிழலிலும் சரி, ஏழு பேருக்கும் போட்டுவிட்டுக் கடைசியில் ஒட்டியிருக்கிற சோற்றை டப்பாவிலேயே வழித்துச் சாப்பிடுகிற அம்மாவுக்கு அந்த மரியாதை வருஷத்தில் எத்தனை நாள் கிடைக்கிறது? கல்யாண வீட்டில் கிடைக்கும். மற்றபடி? டூர் போகிற நாளாவது கிடைக்க வேண்டாமா?

என்ன செய்யலாம் என்று சொல்லாமல் திட்டிவிட்டு மட்டும் போகக் கூடாது. ரொம்ப எளிது. டூர் பட்ஜெட் போடும்போது வேனுக்கு முன்னால் சாப்பாட்டை எழுதுங்கள். முதல் வரி அதுதான். எட்டுப் பேருக்கு 1,840 எடுத்துத் தனியாக வைத்துவிட்டு மீதிக்கு எந்த வண்டி வருகிறதோ அதில் போங்கள். பாட்டிக்கு முட்டி வலி, வேன்தான் வேண்டும் என்றால் குதிரை சவாரியை வெட்டுங்கள். அதையும் வெட்ட மனசில்லை என்றால் ஒரு மாசம் தள்ளிப் போங்கள். கடல் எங்கேயும் போய்விடாது. கட்டுச்சோறுதான் வேண்டும் என்று பசங்க அடம்பிடித்தால் அப்பாவும் சித்தப்பாவும் சேர்ந்து புளியோதரை கிளறட்டும். அந்த ஒரு தடவைக்குப் பிறகு 'பெரிய வேலையா?' என்ற கேள்வி அந்த வீட்டில் வராது.

காலேஜ் படிக்கிற பிள்ளைகளுக்கும் இதில் பங்கு உண்டு. மெஸ் பில்லுக்கும் கேன்டீன் பில்லுக்கும் கூகுள் பேயில் பிரித்துப் பிரித்துக் கணக்கு முடிக்கிறவர்கள், அந்த ஏழு மணி நேரத்தை மட்டும் யார் பெயரிலும் எழுதுவதில்லை. பார்ட் டைம் வேலைக்குப் போகிறவர் அடுத்த டூரில் எட்டுப் பேருடைய மதியச் சாப்பாட்டுப் பில்லைக் கையில் வாங்கிக்கொள்ளலாம். 1,200 ரூபாய். இரண்டு சினிமா டிக்கெட், பாப்கார்னோடு.

அடுத்த சனிக்கிழமை ராத்திரி புளி ஊறப்போட வேண்டாம். அலாரத்தை ஐந்து மணிக்கு வைத்தால் போதும். வேனில் அம்மாவுக்கு ஜன்னல் சீட் கொடுங்கள், தாத்தா ஒன்றும் சொல்ல மாட்டார். மகாபலிபுரத்தில் மெனு கார்டு வந்ததும் அதை முதலில் அம்மா கையில் கொடுங்கள். அவர் வழக்கப்படி விலையைத்தான் முதலில் படிப்பார். கொஞ்ச நேரம் பொறுத்திருங்கள்.

டிஸ்கி: புளியோதரைக்கு இந்தப் பதிவு எதிரி இல்லை. திங்கட்கிழமை மத்தியானம் யாராவது கிளறிக் கொடுத்தால் நன்றாகவே இருக்கும். யார் கிளறுவது என்பதுதான் பிரச்சினை.